அப்பா சொன்ன ‘ஆமாங்க’

போன வருஷம் சம்பா நடவு முடிந்த கையோடு, காலில் சீழ் வைத்த அப்பாவைத் தஞ்சாவூரில் ஒரு மருத்துவமனையில் சேர்த்திருந்தேன். மத்தியானம் ஊசி போட்ட கொஞ்ச நேரத்தில் அவருக்கு உடம்பெல்லாம் வியர்த்துக் கை நடுங்கியது. கூப்பிட்டால் பதில் இல்லை. டாக்டரும் நர்ஸும் ஓடி வந்து சர்க்கரை அளவைப் பார்த்து, நரம்பில் குளுக்கோஸ் ஏற்றினார்கள். கண் திறந்தார்.

பிறகு, ஊசி போட்ட நர்ஸம்மா தானாகவே என்னிடம் வந்தார்.

“தம்பி, பக்கத்துக் கட்டில்காரருக்குப் போடவேண்டிய இன்சுலின உங்கப்பாவுக்குப் போட்டுட்டேன். டாக்டர்கிட்ட சொல்லிட்டேன். உங்ககிட்டயும் சொல்லணும்ல.”

கேட்காமலேயே தப்பை ஒப்புக்கொள்கிறார் என்றால், இதைவிடப் பெரிதாக எதையோ மறைக்கிறார்கள் என்றுதான் எனக்குத் தோன்றியது. எதிர்க் கட்டில் அம்மா வேறு, எதிலும் கையெழுத்துப் போட்டுவிடாதே என்று எச்சரித்தார். எங்கள் வீட்டில் கையெழுத்துப் போடத் தெரிந்தவன் நான் ஒருவன்தான்.

மறுநாள் டாக்டரும் நர்ஸம்மாவும் என்னைப் பேச அழைத்தார்கள். சட்டைப்பையில் இருந்த போனில் பேச்சைப் பதிவு செய்தபடி போனேன். “பேரச் சொல்லிக் கேட்டுட்டுத்தான் போட்டேன், உங்கப்பா ஆமான்னாரு” என்றார் நர்ஸம்மா.

“எங்கப்பா தலையில பழியப் போடப் பாக்குறீங்களா?” என்றேன்.

“யார் மேலயும் இல்ல தம்பி. எப்படி நடந்துச்சுன்னு தெரிஞ்சாதானே இன்னொருத்தருக்கு நடக்காது?” என்றார் டாக்டர்.

நம்பவில்லை. நேராக அப்பாவிடம் போய்க் கேட்டேன்.

“யார் பேரயோ சொல்லி நீங்கதானேன்னாங்க. படிச்சவங்க, தெரியாமயா கேப்பாங்க? ஆமாங்கன்னேன்.”

அப்படியே உட்கார்ந்துவிட்டேன். நெல் கொள்முதல் நிலையத்திலும் அவர் இப்படித்தான். சருகாகக் காய்ந்த நெல்லைக் காட்டி, விலையைக் குறைக்க அங்கிருப்பவர்கள் “ஈரமாத்தானே இருக்கு?” என்றால் “ஆமாங்க” என்பார். திரும்பிப் போய் டாக்டரிடம் அதைச் சொன்னேன். நர்ஸம்மா தலையில் கை வைத்துக்கொண்டார்.

அதற்கப்புறம் அந்த வார்டில் யாரும் பெயரைச் சொல்லிக் கேட்கவில்லை. “உங்க பேரு என்னங்கய்யா, நீங்களே சொல்லுங்க” என்றுதான் கேட்டார்கள். அப்பா முதலில் என் முகத்தைப் பார்த்தார். பிறகு பெயரைச் சொன்னார்.

தை அறுவடையில் கொள்முதல் நிலையத்தில் அதே பழைய கேள்வி வந்தது. “நீங்களே ஈரம் பாக்குற மிஷின வச்சுப் பாத்துச் சொல்லுங்க” என்றார் அப்பா.

போனில் இருக்கும் அந்தப் பதிவை நான் இன்னும் அழிக்கவில்லை. ஆனால் இப்போதெல்லாம் தப்பு நடந்துவிட்டது என்று வந்து சொல்கிறவரை அல்ல, எங்களிடம் தப்பே நடக்காது என்கிறவரைத்தான் சந்தேகத்தோடு பார்க்கிறேன்.