கொசு அக்கா

நீல டிரம்முக்குள் டார்ச் வெளிச்சம் விழுந்ததும் தண்ணீர் அடிவரை ஒளிரும். கொசுப்புழு இருந்தால், கமா கமாவாக நெளிந்துகொண்டு இருட்டைத் தேடிக் கீழே இறங்கும். அடையாற்றங்கரையில் இருந்த எங்கள் குடிசைகளுக்கு வாரம் தவறாமல் டார்ச்சோடு வந்து, குடம், டிரம், உடைந்த பக்கெட் என எதையும் விடாமல் எட்டிப் பார்க்கும் மாநகராட்சிப் பணியாளர் ஸ்டெல்லாவைப் பிள்ளைகள் நாங்கள் "கொசு அக்கா" என்றுதான் கூப்பிடுவோம்.

நான் நான்காம் வகுப்பு படித்த வருடம், ஆடி முடிந்தும் தண்ணீர் லாரி ஒழுங்காக வரவில்லை. ஆழ்வார்பேட்டையில் வீட்டு வேலை செய்துவிட்டு வந்து, கூட்டத்தில் முட்டி மோதி அம்மா நிரப்பி வைத்த டிரம்மில்தான் அன்று புழு இருந்தது.

"புழு கீது யக்கா, கொட்டணும்" என்றாள் கொசு அக்கா.

"கொட்டுவே, கொட்டுவே! லாரி வந்து எத்தினி நாளாச்சு தெர்யுமா? எம் புள்ளைங்களுக்கு நீயா வந்து ஊத்தப் போற?" என்று அம்மா டிரம்மைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள்.

பக்கத்துச் சந்துக் குழந்தை ஒன்று காய்ச்சலில் மருத்துவமனையில் கிடந்த நேரம் அது. கொசு அக்கா மேலதிகாரியிடம் சொல்லியிருக்கலாம், ஆளைக் கூட்டி வந்து டிரம்மைக் கவிழ்த்தும் இருக்கலாம். அவளோ, "பழைய வேட்டி ஏதாச்சும் கீதா?" என்று கேட்டாள். அப்பாவின் வேட்டியை நாலாக மடித்துக் குடத்து வாயில் கட்டி, சொம்பு சொம்பாக மொண்டு ஊற்றி, அத்தனை தண்ணீரையும் வடிகட்டினாள். பிறகு, முட்டை ஒட்டியிருக்கும் என்று சொல்லி, தலையை உள்ளே விட்டு டிரம்மின் சுவர்களைத் தேங்காய் நாரால் தேய்த்தாள். அம்மா கடைசிவரை திட்டிக்கொண்டேதான் சொம்பை எடுத்துக் கொடுத்தாள்.

அப்படியும் அடுத்த வாரம் தம்பிக்குக் காய்ச்சல் வந்தது. காலையில் லேசாக இருக்கவே கஷாயம் கொடுத்துவிட்டு அம்மா வேலைக்குப் போய்விட்டாள். மதியத்துக்குள் அவன் உடம்பு அனலாகக் கொதித்தது, கூப்பிட்டால் கண்ணைத் திறக்கவில்லை. என்ன செய்வதென்று தெரியாமல் அவன் பக்கத்தில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தபோது வாசலில் கொசு அக்கா. நெற்றியைத் தொட்டதும் டார்ச்சை என் கையில் திணித்து, அவனைத் தோளில் போட்டுக்கொண்டு "கார்ப்பரேசன் ஆஸ்பத்திரி"க்கு ஓடினாள். நான் பின்னாலேயே ஓடினேன். அங்கே ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு டெங்கு என்றார்கள்; இன்னும் தாமதித்திருந்தால் கஷ்டம் என்று டாக்டரம்மா சொன்னார்.

தகவல் கிடைத்து வேர்த்து விறுவிறுக்க வந்த அம்மா, குளுக்கோஸ் ஏறும் கையையும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவளையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு கொசு அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு, "காலைல கூட உன்னத் திட்டிக்கினுதாம்மே போனேன்" என்றாள்.

"நல்லாத் திட்டு யக்கா. பையன் கண்ணத் தொறந்துட்டான்ல" என்று அவள் சிரித்தாள்.

தம்பி பிழைத்து எழுந்தான். அதன்பின் எங்கள் வீட்டில் டீ குடிக்காமல் கொசு அக்காவை அம்மா அனுப்பியதில்லை.

இரண்டு வருடம் கழித்துக் குடிசைகளை எடுத்துவிட்டு எங்களை ஊருக்கு வெளியே அடுக்குமாடி வீடுகளுக்கு அனுப்பினார்கள். சாமான் ஏற்றிய அன்று அவளும் வந்து பாத்திரங்களை லாரியில் தூக்கிக் கொடுத்தாள். "அங்கியும் நீதான் வருவியா?" என்று அம்மா கேட்டாள். "அது வேற ஏரியா யக்கா, வேற ஆளு வருவாங்க" என்றாள்.

இப்போது அந்தக் கரையில் கம்பி வேலிதான் இருக்கிறது. எந்த இடத்தில் எங்கள் வாசல் இருந்தது என்று என்னால் சொல்ல முடியவில்லை. தம்பி கிண்டியில் வேலைக்குப் போகிறான். அவன் கல்யாணத்துக்குக் கொசு அக்காவைக் கூப்பிட வேண்டும் என்று அம்மா பிடிவாதமாக இருக்கிறாள். அவள் வீடு எங்கே என்று எங்களுக்குத் தெரியாது, போன் நம்பரும் இல்லை. வாராவாரம் தானாகவே வாசலில் வந்து நின்றவளிடம் அதையெல்லாம் கேட்டு வைத்துக்கொள்ள எங்களில் யாருக்குமே தோன்றவில்லை.