கைநாட்டு வைத்த கதை

எழுதப் படிக்கத் தெரியாதவரிடம் கைநாட்டு வாங்குமுன், பத்திரத்தை அவருக்குப் புரியும்படி வாசித்துக் காட்ட வேண்டும். வாசித்தவர் அடியில் கையெழுத்திட வேண்டும். எண்பதுகளில் பென்னாகரத்தில் ஓர் அரசு அலுவலகத்தில் தலைமை எழுத்தராக இருந்தபோது இந்த விதியை வாரம் ஒருமுறையாவது யாருக்காவது எடுத்துச் சொல்வேன்.

சென்னையிலிருந்து ஒரு குழு டேப் ரெக்கார்டரோடு வந்தது. மலையோரக் கதைகள் அழிந்துவிடுமாம்; பொம்மைப் படமாக வரைந்து காப்பாற்றப் போகிறார்களாம். யாரிடமிருந்து என்று கேட்டேன். சிரித்தார்கள்.

அவர்களை ஏரியூர்ப் பக்கம் ஆடு மேய்க்கும் பெண்மணி ஒருவரிடம் அழைத்துப்போனேன். சிறுத்தையின் குகைக்குள் போய்த் திரும்பிய நொண்டி ஆட்டின் கதையைத் தொடங்கியவர், நாலு வரியில் நிறுத்திவிட்டார்.

“ஏம்மா?”

“உம் கொட்ட ஆளில்லாம, செவுத்துக்கா சொல்றது?”

ஒலிப்பதிவாளர் எல்லோரையும் வாயை மூடச் சொல்லியிருந்தார். கடைசியில் அந்த வேலை என் தலையில் விழுந்தது. கதை முடிந்து, நான் ஜீப் டிரைவரைத் தேடிப் போன ஐந்து நிமிடத்தில், வாசித்துக் காட்டாமலே ஒரு பத்திரத்தில் அவரிடம் கைநாட்டு வாங்கிவிட்டார்கள். நகலைப் பிறகுதான் படித்தேன். சகல உரிமையும் குழுவுக்கே. சொன்னவர் இனி அக்கதையை எங்கும் சொல்லலாகாது.

“அப்போ நான் இத வாயில எடுக்கக் கூடாதுங்களா சார்?”

“எழுதிக் கேக்கறேன். பதில் வர்ற வரைக்கும் சொல்லாதீங்க.”

“அவ்வளவு நேரம் உம் கொட்டுன வாயி, கைநாட்டு வெக்கறப்ப எங்க போச்சுங்க?”

கடிதம் எழுதினேன். மூன்று நினைவூட்டுகளும் போயின. பதில் இல்லை.

சில மாதங்கள் கழித்து அவரே அலுவலகத்துக்கு வந்தார். “உம் கொட்டக் கூடாதுன்னு பத்திரத்துல போட்டிருக்குதுங்களா?”

“இல்லை.”

“அப்போ நீங்க சொல்லுங்க. நான் கொட்டறேன்.”

ஞாயிற்றுக்கிழமை அவருடைய ஆட்டுப்பட்டியருகே அக்கம்பக்கத்துப் பெண்கள் கூடியிருக்க, நான் கதை சொன்னேன்.

“உம். எடது காலுங்களா? சோத்தாங்கை பக்கத்துக் காலு சார்! உம், மேல சொல்லுங்க.”

“இவரு ஆட்ட ஓட்டுனா பொழுதோட வூடு சேராது” என்றாள் ஒருத்தி. திருத்தம் செய்வதைப் பத்திரம் தடுக்கவில்லை. பாதிக்கு மேல் வேண்டுமென்றே தப்பாகச் சொன்னேன். முக்கால் கதை அவர் வாயால் வந்துவிட்டது.

பதிலும் ஒருநாள் வந்தது. படம் கைவிடப்பட்டது, அவர் கதையைச் சொல்ல ஆட்சேபணை இல்லை. டேப் யாரிடம் இருக்கிறது என்பதற்கு ஒரு வரியும் இல்லை. அவருக்கு அதை வாசித்துக் காட்டி, விதிப்படி அடியில் கையெழுத்திட்டேன். “இத நம்பலாமுங்களா?” என்றார். கடிதத்தின் தேதி முத்திரையைப் பார்த்தேன். நிலுவைக் கோப்புகளை எல்லா அலுவலகமும் அவசரமாக மூடும் நாள்: மார்ச் 31.