வேப்பமரத்துக்கு அப்பால்

மல்லசமுத்திரத்தில் நான் ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். காதுகுத்து, கல்யாணம், கருமாதி என்று மனிதர்களைப் படம் எடுத்துப் பிழைப்பவன். ஆளே இல்லாத வானத்தை ஒருவன் விடிய விடிய எடுத்துக்கொண்டு வந்து கடையில் உட்கார்ந்தால் எனக்கு எரிச்சல் வராதா? ஜீவானந்தத்தைப் பார்க்கும்போதெல்லாம் வந்தது. "ஏப்பா, நட்சத்திரமெல்லாம் உனக்கு மொய் வெக்கப் போகுதா?" என்று கேட்பேன். சிரிப்பான். அந்தச் சிரிப்பும் பாதியில் நின்றுவிடும்.

ஜீவானந்தம் ரிக் வண்டியில் வேலை பார்த்தவன். எங்கள் பக்கத்து ஆண்கள் போர்வெல் போடும் ரிக்கில் ஏறிச் சத்தீஸ்கர், ஒடிசா என்று போவது புதிதல்ல. அங்கே ஒருமுறை இரும்பு ராடு சரிந்து அவன் வலது தோளை உடைத்துவிட்டது. அதற்குப் பிறகு கனமான எதையும் சுமக்க முடியாது; ரிக்கிலேயே இலகுவான வேலைக்கு மாறிக்கொண்டான். கேமரா வேண்டும் என்று வந்தபோது என் பழைய கேமராவைக் கொடுத்துப் பார்த்தேன். தோளில் மாட்டியவுடன் முகம் சுளித்தான். பிறகு அலைந்து திரிந்து, யாரோ பயன்படுத்திய ஒரு மிரர்லெஸ் கேமராவைப் பிடித்துக் கொடுத்தேன். உரித்த தேங்காய் அளவுதான் எடை.

எல்லாம் பெண்டாட்டி சுகன்யாவுக்காக. ரிக் நிற்கும் காடுகளில் ஊர் வெளிச்சம் இல்லாததால் வானத்தில் நட்சத்திரம் கொட்டிக் கிடக்கும். அதை எடுத்து அவளுக்கு அனுப்புவான். அவளிடமிருந்து மிஸ்டு கால் வரும். எங்கள் பக்கத்தில் தோட்டத்து மோட்டாருக்கான மும்முனை மின்சாரம் ஒரு வாரம் பகலில் வரும், ஒரு வாரம் இரவில் வரும். இரவு முறை வந்தால் சுகன்யா டார்ச்சோடு வரப்பில் நடந்து, கிணற்றோரம் இருக்கும் மோட்டார் ரூமுக்குப் போய் சுவிட்சைப் போட்டுவிட்டு, அவனுக்கு ஒரு மிஸ்டு கால் கொடுப்பாள். எடுக்கக் கூடாது. சட்டைப்பையில் போன் ஒருமுறை துடித்து அடங்கினால் தண்ணீர் பாய்கிறது, அவள் நன்றாக இருக்கிறாள் என்று அர்த்தம்.

ஓர் இரவு போன் துடிக்கவில்லை. சிக்னல் இல்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு அவன் வேலையைப் பார்க்கப் போய்விட்டான். இங்கே பாதி வழியில், வேப்பமரத்தடியில், அவளைக் கண்ணாடி விரியன் கடித்திருந்தது. விடிந்த பிறகுதான் பார்த்தார்கள்.

காரியத்துக்கு வந்தவன் திரும்ப ரிக் ஏறவில்லை. தோட்டத்துக் கோடியில் ஸ்டாண்டை நிறுத்திக் கேமராவை வைத்து, இரவு முழுக்க அது தானாகப் படம் எடுக்கும்படி விட்டுவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பான். காலையில் அத்தனை படங்களையும் ஒன்றின்மேல் ஒன்றாகச் சேர்க்கச் சொல்லி என்னிடம் வருவான். சேர்த்தால் நட்சத்திரங்கள் கோடு கோடாக வளையும். அடியில் கோழிப்பண்ணை விளக்குகள் மஞ்சளாக அப்பியிருக்கும். நல்ல படங்கள்தான். ஆனால் அவன் வானத்தைப் பார்ப்பதே இல்லை. வீட்டுக்கும் மோட்டார் ரூமுக்கும் நடுவில் இருக்கும் வரப்பைப் பெரிதாக்கச் சொல்லி அதையே பார்ப்பான்.

"அங்க என்னப்பா தேடற?"

"அவ நட பாதியிலயே நிக்குதுங்கண்ணா. கண்ண மூடுனா வேப்பமரத்துலயே நிக்கறா. ரூமுக்குப் போய்ச் சேந்துட்டான்னு ஒருக்கா பாத்துட்டா நான் தூங்கிருவேன்."

"செத்தவளக் கேமராவுலயா தேடுவ? போய் பொழப்பப் பாருப்பா!" என்று கத்திவிட்டேன். ஆள் துரும்பாக இளைத்திருந்தான். எனக்குக் கோபத்தைவிடப் பயம்தான் அதிகம். இவனும் போய்விடுவானோ என்று.

மார்கழி அமாவாசைக்கு மறுநாள் காலை, மெமரி கார்டை மேசையில் வைத்துவிட்டு டீ குடிக்கப் போனான். நான் படங்களைச் சேர்த்தேன். வரப்பின்மேல் ஒரு வெளிச்சக் கோடு. வீட்டில் கிளம்பி மோட்டார் ரூம் கதவு வரை போயிருந்தது.

இந்த மாதிரிப் படங்களில் இருட்டில் நடக்கிற ஆள் பதிய மாட்டார். கையில் இருக்கும் வெளிச்சம் மட்டும்தான் கோடாக விழும். எனக்கு நன்றாகத் தெரிந்த விஷயம். ஆனாலும் என் கை மவுசை விட்டுவிட்டது.

"கார்டு ஓப்பன் ஆகலப்பா, சாயங்காலம் வா" என்று அவனை அனுப்பிவிட்டு, வண்டியை எடுத்துக்கொண்டு அவன் அம்மா சாலம்மாளைப் பார்க்கப் போனேன். எருமைக்குச் சோளத்தட்டு போட்டுக்கொண்டிருந்தார்.

"ஏனுங்கம்மா, ராத்திரி வரப்புல டார்ச்சோட நடந்தது ஆருங்க?"

கேட்டதும் அழுதுவிட்டார். "நாந்தான் சாமி. அவ டார்ச்சத்தான் எடுத்துட்டுப் போனேன். பையன் இருட்டையே பாத்துட்டு உக்காந்திருக்கறான். ஒரு வெளிச்சம் போனா அவனுக்கு மனசு ஆறுமேன்னு நெனச்சனுங்க. வேப்பமரத்துக்கு மேல கால் வரல சாமி. திரும்பிட்டேன்."

"ரூம் வரைக்கும் போகலீங்களா?"

"அவ கெடந்த எடத்த நான் எப்படிங்க சாமி தாண்டுவேன்?"

கடைக்கு வந்து ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு மறுபடி பார்த்தேன். வேப்பமரம் வரை இரண்டு கோடுகள். போனது ஒன்று, திரும்பியது ஒன்று. அதற்கப்பால் ஒரே கோடு. கதவில் போய் முடிகிறது. முயல் பிடிக்க வந்தவன், பக்கத்துத் தோட்டத்துக்காரன் என்று என்னென்னவோ நினைத்துப் பார்த்தேன். யாராக இருந்தாலும் திரும்பி வர வேண்டுமே.

அழிப்பது பெரிய வேலை இல்லை. கல்யாணப் பெண் முகத்தில் ஒரு பருவை எடுக்கிற நேரம்தான். இதைப் பார்த்தால் இவன் ஜென்மத்துக்கும் அந்தத் தோட்டத்தை விட்டு நகர மாட்டான் என்று கோட்டின்மேல் மவுசை வைத்தேன். அப்போது ஷட்டருக்கு அடியில் குனிந்து ஜீவானந்தம் உள்ளே வந்தான். திரையைப் பார்த்துவிட்டான்.

"அது உங்கம்மாப்பா" என்றேன் அவசரமாக.

"வேப்பமரம் வரைக்கும் அம்மாதானுங்கண்ணா. அந்த நட எனக்குத் தெரியாதுங்களா? அங்க போயி வெளிச்சம் நின்னுருச்சு. அதப் பாக்க முடியாம கண்ண மூடிக்கிட்டேன்." மரத்திலிருந்து கதவு வரை திரையில் விரலை மெதுவாக நகர்த்தினான். "இத நான் பாக்கலீங்க."

அழுவான் என்று நினைத்தேன். சட்டைப்பையை ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டான்.

"போய்ச் சேந்துட்டாளுங்கண்ணா. எனக்குப் போதும்" என்றான். பிரிண்ட்கூடக் கேட்கவில்லை.

தை பிறந்ததும் ரிக் ஏறிவிட்டான். சத்தீஸ்கர் வானத்தை இப்போது எனக்கு அனுப்புகிறான். படுத்தால் அடித்துப் போட்ட மாதிரி தூங்குகிறானாம். சாலம்மாள் சொல்லிச் சொல்லிச் சந்தோஷப்படுகிறார்.

எனக்குத்தான் தூக்கம் போய்விட்டது. அந்தப் படத்தை வைத்திருக்கவும் பயம், அழிக்கவும் பயம். இரவில் மின்சாரம் வருகிற வாரங்களில் போனைத் தலைமாட்டில் கவிழ்த்து வைத்துக்கொள்கிறேன். அது ஒருமுறை துடித்து அடங்கினால் எடுக்கக் கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு கிடக்கிறேன்.