கண்ணாடிக்குள் சிரித்த மாமி

பிள்ளைகள், உங்கள் மாமி நேர்சிங் படிப்பின் கடைசி வருடத்தில் ஒருநாள் எனக்குப் போன் எடுத்தாள். "அண்ணை, கொலிஜிலை என்ரை படம் எடுத்தவை, விளம்பரத்துக்காம். இனி என்னோடை மரியாதையாக் கதையுங்கோ" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். நீங்களும் இப்போது கொலிஜ் விளம்பரங்களைப் பார்க்கிற வயதுக்கு வந்துவிட்டதால் இதை எழுதுகிறேன்.

மாமியின் வகுப்பில் பள்ளிக்கூடம் முடித்து நேரே வந்த பிள்ளைகள் ஒரு சிலர்தான். மற்றதெல்லாம் தாய்மார். பிலிப்பீன்ஸ், சோமாலியா, நைஜீரியா, பிறகு எங்கள் ஆட்கள். முதியோர் இல்லத்தில் இரவு முழுக்க வயதானவர்களைத் துடைத்து உடுப்பு மாற்றிவிட்டு, கண் எரிய எரிய வகுப்புக்கு வந்தவர்கள்; மாமியும் அப்படித்தான். கட்டணத்தோடு செலவு முடியாது. சீருடை, சப்பாத்து, தடுப்பூசி, பொலிஸ் சான்றிதழ் எல்லாம் தங்கள் கைக்காசு. ஆஸ்பத்திரியில் பயிற்சி என்று முழு ஷிஃப்ட் வேலை வாங்குவார்கள், சம்பளம் கிடையாது. பயிற்சிக்குச் சில நாள் வராவிட்டால் அந்தப் பாடத்துக்குத் திரும்பவும் காசு கட்ட வேண்டும். மாமியைவிடக் கெட்டிக்காரி ஒரு சோமாலியப் பெண். பிள்ளைக்குச் சுகமில்லை என்று வீட்டில் நின்றாள், திரும்பக் கட்டக் காசில்லாமல் அதோடு அவளின் படிப்பு நின்றுபோனது. அவளை யாரும் படம் எடுக்கவில்லை.

மாமி சோதனை பாஸ் பண்ணினாள். நிரந்தர வேலை கிடைத்தால் இரவு வேலையை விட்டுவிட்டு மகனோடு வீட்டில் படுக்கலாம். அவளுடைய ஆசை அவ்வளவுதான். கிடைத்ததோ, ஆள் குறைந்தால் மட்டும் கூப்பிடுகிற வேலை. இரவு வேலையும் அப்படியே இருந்தது.

அந்தப் பனி மாரியில் மோர்னிங்சைட் ரோட்டுப் பஸ் தரிப்பிடத்தில் அவளைக் காரில் ஏற்றப் போனேன். தரிப்பிடத்து விளம்பரக் கண்ணாடிக்குள் மாமியின் முகம், ஆள் உயரத்துக்கு. கீழே, "படித்து முடித்தவுடன் வேலை." பக்கத்தில் அதே முகம் தூக்கமில்லாமல் வீங்கி நின்றது. பஸ்ஸுக்கு நின்ற எங்கட தமிழ்ப் பிள்ளை ஒன்று, "அன்ரி, உது நீங்களெல்லே! உண்மையா உடனே ஜொப் கிடைச்சதோ?" என்று கேட்டது.

"ஓம் பிள்ளை," என்றாள் மாமி. "ஒண்டில்லை, ரெண்டு."

அடுத்த நாள் கொலிஜுக்குப் போன் எடுத்து, படத்தைக் கழற்றச் சொன்னேன். நல்ல மரியாதையான குரல். படத்துக்கு உங்கள் தங்கை சம்மதம் தந்திருக்கிறார் என்றது. கூப்பிடும்போது போகிற வேலையும் எங்கள் கணக்கில் வேலைதான் என்றது. பிறகு, இனிய நாளாகட்டும் என்றது. அந்த இனிமைதான் எனக்கு இன்றும் அருவருப்பு.

அன்று பின்னேரம் தனியே அந்தத் தரிப்பிடத்துக்குப் போனேன். ரோட்டோரம் உப்பும் ஊத்தையும் கலந்து கறுத்துக் கிடந்த பனியை இரண்டு கையாலும் அள்ளி, அந்த எழுத்துகளின்மேல் அப்பினேன். படத்தில் மாமியின் முகத்தில் ஒரு துளி தெறித்திருந்தது. அதை மட்டும் ஜக்கெட் கையால் துடைத்துவிட்டு வந்தேன்.