காலி மனையில் பெயர்ப் பலகைகள்

கைலாசபுரத்துத் தொழிற்சாலையில் முப்பத்து மூன்று வருடம் ஸ்டோர்ஸில் இருந்தேன். ஸ்டோர்ஸ் என்றால் வெளியில் இருப்பவர்கள் குடோன் என்று நினைத்துக்கொள்வார்கள். நாங்கள் அவர்களைத் திருத்துவதில்லை, மனதுக்குள் மன்னித்துவிடுவோம். எங்களிடம் இருந்த ஒவ்வொரு போல்ட்டுக்கும் ஒரு எண், ஒரு பெயர், எதற்குப் பயன்படும் என்று ஒரு வரி உண்டு. இந்த மூன்றையும் எழுதிய அட்டை கட்டாத பொருள், என்ன உசத்தியான உலோகத்தில் செய்ததாக இருந்தாலும், வருடக் கடைசியில் ஸ்கிராப் யார்டுக்குப் போய்விடும். அட்டை இருந்தால் ஒருவரும் கை வைக்க முடியாது. ரிடையர் ஆகும்போது உலகத்தைப் பற்றி எனக்கு உறுதியாகத் தெரிந்திருந்தது இது ஒன்றுதான்.

குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு ஸ்ரீரங்கத்தில், கொள்ளிடத்துப் பக்கம் எப்போதோ வாங்கிப் போட்டிருந்த ஃப்ளாட்டுக்குக் குடிவந்தோம். வந்த முதல் வாரமே சமையலறை டப்பாக்களுக்கெல்லாம் அட்டை எழுதி ஒட்டினேன். என் மனைவி அட்டைகளை ஒவ்வொன்றாகப் படித்துப் பார்த்தாள். ‘உளுத்தம்பருப்பு’ டப்பாவில் துவரம்பருப்பையும் ‘டீத்தூள்’ டப்பாவில் மல்லித்தூளையும் கொட்டி வைத்துவிட்டாள். நானே போட்ட டீயை ஒரு வாய் குடித்த பிறகு விஷயம் புரிந்தது.

“காலையில கொஞ்ச நேரம் வெளிய நடந்துட்டு வாங்களேன். உங்க உடம்புக்கும் நல்லது, எனக்கும் நல்லது” என்றாள்.

அப்படித்தான் கொள்ளிடக் கரைக்குப் போக ஆரம்பித்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கே ஏழெட்டுப் பேர் தரையைப் பார்த்துக்கொண்டு குந்தியிருந்தார்கள். யாரோ மூக்குத்தியைத் தொலைத்துவிட்டார்கள் போலிருக்கிறது என்று நானும் குனிந்து தேடினேன். அவர்கள் செடி பார்க்க வந்தவர்களாம். தென்னூரிலிருந்து வரும் ஒரு இளம் பெண், தாவரவியல் விரிவுரையாளர், மாதம் இரண்டு ஞாயிறு இப்படிக் கூட்டி வந்து, தானாக முளைக்கும் நாட்டுச் செடிகளை அடையாளம் காட்டுவாராம். எனக்கும் தெரியும் என்று காட்டிக்கொள்ள வேண்டாமா? காலடியில் இருந்த ஒன்றைக் காட்டி, “இது வெட்டுக்காயப் பூண்டு. சின்ன வயசுல அடிபட்டா இதைத்தான் கசக்கிப் பிழிஞ்சு விடுவோம். அசல் நம்ம ஊர்ச் செடி” என்றேன்.

“பேர் கரெக்ட் சார். ஆனா இது மத்திய அமெரிக்காவுலேர்ந்து வந்தது” என்றார் விரிவுரையாளர், ரொம்ப மரியாதையாக.

ஐம்பது வருடமாக என் முழங்கால் தழும்புகளுக்கு நான் நன்றி சொல்லிக்கொண்டிருந்தது ஒரு வெளிநாட்டுக்காரனுக்கு. அன்று வீட்டுக்கு வந்ததும் புது நோட்டு ஒன்றை எடுத்துக் கோடு போட்டேன்.

ஆறு மாதம் படித்தேன். பரீட்சைக்குக்கூட நான் அப்படிப் படித்ததில்லை. கீழாநெல்லி என்றால் இலை வரிசையைத் திருப்பிப் பார்க்க வேண்டும், அடியில் கடுகு கடுகாகக் காய் ஒட்டியிருக்கும். மூக்கிரட்டையின் பூ குண்டூசித் தலை அளவுதான் இருக்கும், லென்ஸ் வைத்துப் பார்த்தால் அழகான ரோஸ் நிறம். நாயுருவியை நாம் தேட வேண்டியதில்லை, அதுவே பேண்ட்டில் ஏறிக்கொண்டு வீடு வரை வந்து அறிமுகம் செய்துகொள்ளும். போனில் செடியைக் காட்டினால் பெயர் சொல்லும் ஆப் ஒன்றும் இருந்தது. அது ஒரே செடிக்குக் காலையில் ஒரு பெயரும் சாயங்காலம் ஒரு பெயரும் சொல்லும், இரண்டையும் ஒரே தைரியத்தோடு சொல்லும். எங்கள் ஆபீஸில் சில மேனேஜர்கள் அப்படி இருந்ததால் எனக்கு அது பழக்கம்தான்.

சந்தோஷமாக இருந்தேன், அதை மறைக்க வேண்டியதில்லை. ரிடையர் ஆன பிறகு காலையில் கண் விழித்ததும் ‘இன்று என்ன’ என்று ஒரு பயம் வரும். அந்தப் பயம் போய்விட்டது.

இதில் பெரிய வேடிக்கை, கொள்ளிடம் வரைக்கும் நான் போயிருக்கவே வேண்டாம் என்பது. எங்கள் ஃப்ளாட்டை ஒட்டி ஒரு காலி மனை. சொந்தக்காரர் குவைத்தில் இருக்கிறார். எங்கள் படுக்கையறை ஜன்னலைத் திறந்தால் அந்த மனைதான். முதல் வருடம் முழுக்க அது எனக்கு வெறும் புதர், ஜன்னலை மூடி வைக்க ஒரு காரணம். ஐப்பசி மழைக்குப் பிறகு ஒருநாள் லென்ஸை எடுத்துக்கொண்டு உள்ளே இறங்கினேன். தும்பை, சிறுபீளை, குப்பைமேனி, வேலியில் முடக்கத்தான். மணல் திட்டில், நெருஞ்சிக்குப் பக்கத்தில், சட்டைப் பொத்தானைவிடச் சின்னதாக நீலப் பூவோடு விஷ்ணுகிரந்தி. மதியத்துக்குள் இருபத்தாறு எழுதிவிட்டேன். சாப்பிடக் கூப்பிட்ட மனைவிக்கு ஜன்னல் வழியாகவே ஒவ்வொன்றாகக் காட்டினேன். அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “சாம்பார் ஆறுது” என்றாள்.

அந்த வாரமே அசோசியேஷன் கூட்டம் வந்தது. மூன்றாவது மாடியில் இருக்கும் செயலாளர், நல்ல மனிதர், எதையும் சுத்தமாக வைத்துக்கொள்ள வேண்டும் என்பவர், பக்கத்து மனையில் பாம்பு வருகிறது, கொசு வருகிறது, குவைத்துக்காரரிடம் பேசிவிட்டேன், ஜேசிபி வைத்து வழித்துவிடலாம் என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள். நான் எழுந்து நின்றேன். முப்பத்து மூன்று வருட சர்வீஸில் எந்தக் கூட்டத்திலும் எழுந்து நிற்காதவன் நான்.

“அங்க இருபத்தாறு வகை நாட்டுச் செடி இருக்குங்க. வழிச்சீங்கன்னா திரும்ப வராது” என்றேன்.

செயலாளர் கோபப்படவில்லை. “சார், எங்க கண்ணுக்கு அது களைதான். என்ன ஏதுன்னு நாங்க பாத்தாலே புரியற மாதிரி ஏதாவது பண்ணுங்க. பதினஞ்சு நாள் டைம். அப்பவும் களையாத் தெரிஞ்சா வண்டி வந்துடும்.”

பார்த்தாலே புரிய வேண்டுமென்றால் அட்டைதான். எனக்குத் தெரியாத வேலையா? தகரத் தகடுகளை வெட்டி, பச்சைப் பெயிண்ட் அடித்து, மூங்கில் குச்சியில் பொருத்தினேன். விரிவுரையாளரிடம் போனில் சொன்னபோது சந்தோஷப்பட்டார். “பேர் மட்டும் எழுதுங்க சார். பயன் எழுதாதீங்க” என்றார். ஏன் என்று நான் கேட்கவில்லை. சின்னப் பெண், ஸ்டோர்ஸ் அனுபவம் கிடையாது, பயன் எழுதாத அட்டை அரை அட்டை என்பது அவருக்கு எப்படித் தெரியும் என்று நினைத்துக்கொண்டேன். வெள்ளைப் பெயிண்ட்டில், தெருவிலிருந்து படிக்கிற அளவுக்குப் பெரிதாக எழுதினேன். கீழாநெல்லி, மஞ்சள் காமாலைக்கு. முடக்கத்தான், மூட்டு வலிக்கு. சிறுபீளை, கல்லடைப்புக்கு. இதெல்லாம் வேலை செய்யுமா என்று எனக்குத் தெரியாது. சொல்லிக் கேள்விப்பட்டது, எழுதினால் ஒரு கனம் வரும் என்று எழுதினேன். நான்கு நாளில் இருபத்தாறும் நட்டு முடித்தேன்.

எங்கள் ஊரில் ஒரு செடியைக் காட்டினால் யாரும் பெயர் கேட்பதில்லை, எதற்கு நல்லது என்றுதான் கேட்பார்கள். நானே அப்படிக் கேட்டு வளர்ந்தவன்தான். அது ஏனோ அந்த நான்கு நாளும் எனக்கு ஞாபகம் வரவில்லை.

நட்டு முடித்த அன்று சாயங்காலம் செயலாளர் வந்து ஒவ்வொரு பலகையாகச் சத்தமாகப் படித்தார். “இத்தனை வருஷம் மருந்துக் கடையைப் பக்கத்துல வச்சுக்கிட்டு வெளிய போய் அலைஞ்சிருக்கோம் சார்” என்றார். போட்டோ எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போட்டார், ஜேசிபி வேண்டாம் என்று எல்லோரும் கைகூப்பும் படம் போட்டு ஒப்புக்கொண்டார்கள். நான் ஜெயித்துவிட்டேன். அன்று ராத்திரி இரண்டு சப்பாத்தி அதிகம் சாப்பிட்டேன்.

மறுநாள் காலையில் முதல் மாடி மாமி ஒரு வெள்ளித் தட்டோடு மனையில் நின்றிருந்தார். “பெருமாள் திருநாமத்தோட ஒரு செடி நம்மாத்து வாசல்லயே இருந்திருக்கு, இத்தனை நாள் தெரியாமப் போச்சே. நாலே நாலு பூ எடுத்துக்கறேன், திருவாராதனத்துக்கு” என்றார். பெருமாளுக்கு இல்லை என்று ஸ்ரீரங்கத்தில் யார் சொல்வது? மாமி நாலு பூதான் பறித்தார், பொய் சொல்லக் கூடாது. ஆனால் மாமிக்கு உறவும் சிநேகிதமும் நிறைய. எல்லோரும் நாலு நாலாகப் பறித்தார்கள்.

அப்புறம் போட்டோ எங்கெங்கோ போனது. நடக்க வருபவர்கள் கையில் கேரி பேக்கோடு நடக்க வந்தார்கள். பாலக்கரையிலிருந்து ஒருவர் ஸ்கூட்டரில் வந்து, மாமியாருக்குக் கல் இருக்கிறது என்று சொல்லிச் சிறுபீளையை வேரோடு வாங்கிக்கொண்டார். வாங்கிக்கொண்டார் என்று சொல்கிறேன், ஏனென்றால் பிடுங்கித் தந்தது நான். மாமியார் வலியில் துடிக்கிறார் என்கிறார், அவர் பேண்ட் போட்டுக்கொண்டு குனியத் தடுமாறுகிறார், பலகையில் எழுதியிருப்பது என் கையெழுத்து. என்ன செய்வேன்? இலையை மட்டும் கிள்ளுங்கள் என்று ஒரு புதுப் பலகை வைத்தேன். அதற்குப் பிறகு வந்தவர்கள், எதற்கும் இருக்கட்டும் என்று வேரையும் எடுத்துக்கொண்டார்கள்.

அந்த வாரம் ஒருநாள் தட்டில் தோசை பச்சையாக வந்தது. “வேலியில கடைசியா ஒரு கொடிதான் இருந்தது. வேற யாராவது பறிக்கறதுக்கு முன்னாடி நான் பறிச்சுட்டேன். உங்க முழங்காலுக்குத்தான்” என்றாள் மனைவி. மூன்று தோசை சாப்பிட்டேன். நன்றாகத்தான் இருந்தது. கொடி போன வருத்தத்திலும் எனக்குப் பசி இருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

பதினைந்தாவது நாள் மனை மொட்டையாக இருந்தது. மண்ணும் பச்சைத் தகடுகளும்தான். ஒரு பாம்பையும் யாரும் பார்க்கவில்லை. பொங்கல் விழாவில் செயலாளர் என்னை மேடைக்குக் கூப்பிட்டு, “ஜேசிபி இல்லாமலே மனையைச் சுத்தம் பண்ணிக் குடுத்த நம்ம சார்” என்று மைக்கில் சொல்லிப் பொன்னாடை போர்த்தினார். கிண்டல் இல்லை, மனதாரச் சொன்னார். எல்லோரும் கை தட்டினார்கள். நானும் கும்பிட்டேன். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தியதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. என் மனைவி அதைப் பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. பொன்னாடையை நான்காக மடித்து உள்ளே வைத்தாள்.

மறுநாள் காலையில் குச்சிகளைப் பிடுங்கப் போனேன். மாமியின் பால்கனிக்கு நேர் கீழே, சுவரோரம், உடைந்த செங்கல் குவியலுக்குப் பின்னால், ஒரு முழ உயரத்தில் சொரசொரப்பான இலையோடு ஒரு செடி நின்றது. இதற்கு நான் பலகை வைத்திருக்கவில்லை. அது அங்கே இருந்ததே என் கண்ணில் பட்டிருக்கவில்லை. மேலிருந்து பார்த்தால் பூ இருப்பதுகூடத் தெரியவில்லை, பூவெல்லாம் தரையைப் பார்த்துக் கவிழ்ந்திருந்தது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மண்ணில் மல்லாந்து படுத்தேன். வெளிறிய நீலத்தில் ஐந்து இதழ், நடுவில் ஊசி முனையாகக் கூம்பியிருந்தது. இவ்வளவு அழகை யாருக்கும் காட்டாமல் கீழே பிடித்துக்கொண்டிருக்கிறதே என்று இருந்தது. அப்படியே ஒரு போட்டோ எடுத்து விரிவுரையாளருக்கு அனுப்பினேன். கொஞ்ச நேரத்தில் பதில் வந்தது. கவிழ்தும்பை. அடுத்த வரியில், எந்தெந்த வியாதிக்கு ஜனங்கள் இதைப் பறிப்பார்கள் என்றும் எழுதி, ‘நான் சொன்னேன்னு வெளிய சொல்லாதீங்க சார்’ என்று முடித்திருந்தார்.

மேலே பால்கனியில் துணி உலர்த்த வந்த மாமி எட்டிப் பார்த்தார்.

“என்ன மாமா, கீழ படுத்துண்டிருக்கேள்? அது என்ன செடி? எதுக்கு நல்லது?”

“தெரியல மாமி. தொட்டா அரிக்குமாம்” என்றேன்.

“அய்யோ, அப்போ பிடுங்கிப் போட்டுடுங்கோ. கொழந்தேள்லாம் விளையாட வர எடம். வாட்ச்மேனைக் கூப்பிடட்டுமா?”

நான் அவசரமாக எழுந்து உட்கார்ந்தேன். முதுகெல்லாம் மண். “இல்ல மாமி, வேண்டாம், தப்பாச் சொல்லிட்டேன். அது வேற செடி. இது யாரையும் ஒண்ணும் பண்ணாது.”

“அப்போ எதுக்குத்தான் நல்லது?”

“எதுக்கும் ஆகாது மாமி. சும்மா நிக்குது.”

மாமி என்னை ஒருமுறை பார்த்தார், செடியை ஒருமுறை பார்த்தார். பிறகு, “சரி, இருந்துட்டுப் போகட்டும்” என்று சொல்லிவிட்டுத் துணியை உதறினார்.