தூக்கம் கேட்டோம், மூச்சுக் கொடுத்தார்

நான் சொல்லி முடித்ததும் யாரும் கை தட்ட வேண்டாம். இதை முதலிலேயே கேட்டுக்கொள்கிறேன். கை தட்டி வந்த வினையைத்தான் சொல்லப் போகிறேன்.

1993, மழைக்காலம். என் வீட்டுக்காரர் சாமுவேல் மறைமலை நகரில் ஒரு கம்பெனியில் வெல்டர். நல்ல வேலைக்காரர். நல்ல குடிகாரரும்கூட. எதையும் பூசி மெழுகிப் பேச எனக்கு வராது. கிழக்குத் தாம்பரத்தில் ஒரு ஓட்டு வீட்டில் நான், அவர், என் மாமியார் மூன்று பேரும் இருந்தோம். அவர் குடிக்காத நாள் எங்களுக்குப் பண்டிகை. பண்டிகை ரொம்ப வருவதில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் சபையில் எழுந்து நின்றார். இனிமேல் தொடவே மாட்டேன், ஆண்டவர் என்னை விடுவித்துவிட்டார் என்று சாட்சி சொன்னார். கொட்டகையே அதிரக் கை தட்டினார்கள். பாஸ்டர் கட்டிப்பிடித்துக்கொண்டார். அத்தை முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். நானும் அழுதேன். கல்யாணத்துக்குப் பிறகு எனக்கு அவ்வளவு சந்தோஷமான நாள் அதுதான்.

செவ்வாய்க்கிழமை நடுக்கம் ஆரம்பித்தது. டம்ளரைப் பிடித்தால் காபி முழுக்கச் சட்டையில். உடம்பெல்லாம் வேர்வை. சுவரில் பூச்சி ஊர்கிறது என்று துண்டை எடுத்து அடித்துக்கொண்டே இருந்தார். சுவரில் ஒன்றுமே இல்லை. பொட்டுத் தூக்கம் கிடையாது. ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று நான் சொன்னேன். குடியின் ஆவி விட்டுப் போகும்போது இப்படித்தான் ஆளை உலுக்கும், இந்த நேரத்தில் ஆஸ்பத்திரிக்கு ஓடினால் சாட்சி என்னத்துக்கு ஆகும் என்றார்கள் சபையார். அவரும் வரமாட்டேன் என்று கட்டிலைப் பிடித்துக்கொண்டார். சபை முழுக்கக் கேட்கச் சொன்னவர் அல்லவா, மானம் தடுத்தது. புதன்கிழமை மத்தியானம் எங்கள் வீட்டிலேயே உபவாச ஜெபம் என்று முடிவானது.

தேவராஜ் அண்ணனைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒரு நர்சிங் ஹோமில் கம்பவுண்டராக இருந்தார். சபையில் யாருக்குக் காய்ச்சல் என்றாலும் அவர்தான் வருவார். பையைத் திறந்து மருந்தை ஏற்றுவார், சிரிஞ்சைக் கையில் வைத்துக்கொண்டே கண்ணை மூடிச் சின்னதாக ஜெபம் பண்ணுவார், அப்புறம்தான் குத்துவார். அப்படிப் போட்டால்தான் ஊசி கேட்கும் என்று எங்களுக்கெல்லாம் ஒரு நம்பிக்கை. தங்கமான மனிதர். அவரைத் திட்டுவதற்காக நான் இதைச் சொல்லவில்லை.

புதன்கிழமை வீட்டில் நிற்க இடமில்லை. வெளியே மழை, உள்ளே பாட்டு. என் வீட்டுக்காரர் காலையில் இருந்ததைவிட அடங்கிக் கிடந்தார். ஜெபம் வேலை செய்கிறது என்று சந்தோஷப்பட்டேன். பாவி, எனக்கென்ன தெரியும். ஆனாலும் கை கால் நடுங்கிக்கொண்டுதான் இருந்தது. ஆண்டவரே, இவரைத் தூங்க வையும், தூங்க வையும் என்று எல்லாரும் சேர்ந்து கேட்டோம். தேவராஜ் அண்ணன் பையிலிருந்து ஒரு கண்ணாடிக் குப்பியை எடுத்தார். தூக்கத்துக்கான ஊசி, நர்சிங் ஹோமில் இந்த மாதிரி நடுக்கத்துக்கு இதைத்தான் போடுகிறார்கள் என்றார். வழக்கம்போல் ஜெபம் பண்ணினார். கேட்க வேண்டிய ஒரு கேள்வியைக் கேட்கவில்லை. கை நரம்பில் குத்தி ஒரே அழுத்தாக அழுத்தினார்.

ஊசியை வெளியே எடுக்கும் முன்பே என் வீட்டுக்காரருக்குக் கண் சொருகிவிட்டது. நடுக்கம் நின்றது. கொர்ரென்று குறட்டை வந்தது. ஸ்தோத்திரம் என்று வீடே முழங்கியது. கேட்ட உடனே கொடுத்தாரே என்று பாஸ்டர் நன்றி ஜெபத்தை ஆரம்பித்தார். எங்கள் பாஸ்டர் ஜெபம் ஆரம்பித்தால் லேசில் முடிக்கமாட்டார், உங்களுக்கே தெரியும். எல்லாரும் கண்ணை மூடிக்கொண்டோம். அத்தனை பேர் அந்த அறையில் இருந்தோம். அவரைப் பார்த்துக்கொண்டு ஒருத்தரும் இல்லை.

அந்தக் குறட்டையோடு வருஷக்கணக்காகக் குடித்தனம் பண்ணினவள் நான். அது விட்டு விட்டு வந்தது. அப்புறம் இழுத்தது. அப்புறம் இல்லை. ஜெபத்தின் நடுவில் கண்ணைத் திறப்பது தப்பு என்று சின்ன வயதிலிருந்து சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். நான் திறந்தேன். அவர் உதடு நாவல்பழம் தின்ற மாதிரி இருந்தது. மார்பு அசையவில்லை.

"ஜெபத்தை நிறுத்துங்க" என்றேன். பாஸ்டர் நிறுத்தவில்லை. அவர் தோளைப் பிடித்து உலுக்கினேன். "நிறுத்துங்க பாஸ்டர், இவருக்கு மூச்சு வரல."

தேவராஜ் அண்ணன் முகத்தில் ரத்தமே இல்லை. பாய்ந்து வந்து தலையைப் பின்னால் சாய்த்து, தாடையை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்தார். உள்ளே போன நாக்கு விலகினது போல ஒரு மூச்சு வந்தது. கையைத் தளர்த்தினால் நின்றது. தாடையை விடாமலே அவரைத் தூக்கிக்கொண்டு போய் ஆட்டோவில் போட்டோம். அத்தை எப்படியோ முன்னால் டிரைவர் பக்கத்தில் ஏறிக்கொண்டார்.

ஆஸ்பத்திரி ஜி.எஸ்.டி. ரோட்டில், தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம். ரயில்வே கேட்டுக்கு வந்தால் கேட் மூடியிருந்தது.

"கூட்ஸ் வண்டி வருதுக்கா, இன்னா பண்றது" என்றார் டிரைவர்.

அந்தக் கேட்டில் நின்றவர்களுக்குத் தெரியும். ஒரு வண்டி போனால் எதிரில் இன்னொன்று வரும். மழை சாக்குப் படுதா வழியாக உள்ளே அடித்தது. மூச்சு வரும், நிற்கும். நின்றால் நான் கன்னத்தில் அறைவேன், மூச்சு விடுங்க, மூச்சு விடுங்க என்று காதில் கத்துவேன், ஒன்று வரும். தேவராஜ் அண்ணன் அழுதுகொண்டே தாடையைப் பிடித்திருந்தார். தூங்க வையும் என்று கேட்ட அதே வாயால், எழுப்பும் ஆண்டவரே, எழுப்பும் என்று கேட்டேன். குடிகாரனாகவே கொடுத்தாலும் பரவாயில்லை, கொடுத்துவிடும் என்று கேட்டேன். கண்ணை மூடவில்லை. மூடினால் அடுத்த மூச்சு நிற்பதை யார் பார்ப்பது?

கேட் திறந்தது. கேட் திறந்ததையே அற்புதம் என்று சொல்லலாம்தான், நான் அப்படிச் சொல்லமாட்டேன். வண்டி போனால் கேட் திறக்கும். அதுவரைக்கும் அவருக்கு மூச்சு மேல் மூச்சாக யாரோ கொடுத்துக்கொண்டிருந்தார் பாருங்கள், அதுதான் எனக்கு அற்புதம்.

ஆஸ்பத்திரியில் டூட்டி டாக்டர் ஒரு இளவயசு அம்மா. ரப்பர் பையை முகத்தில் வைத்து அமுக்கிக்கொண்டே என்ன ஊசி, எவ்வளவு என்று கேட்டார். தேவராஜ் அண்ணன் ஒளிக்காமல் சொன்னார். கடைசியாக எப்போது குடித்தார் என்று கேட்டார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. அதெல்லாம் விட்டுட்டாரு மேடம், சபையிலேயே சாட்சி சொல்லியிருக்காரு என்றேன்.

அத்தை என் புடவையைப் பிடித்து இழுத்தார்.

"காலைல நாந்தாம்மா குடுத்தேன்" என்றார். "நீ தண்ணிக்குப் போனப்ப. புள்ள நடுங்குறத என்னால பாக்க முடியல. ஒரு பாட்டில் வாங்கியாந்தேன். அத்தன பேரு கை தட்டுனாங்களே, நான் எப்டிச் சொல்லுவேன்?"

எனக்கு அந்த இடத்திலேயே அவரை அடிக்கலாம் போல் இருந்தது. ஆனால் டாக்டர் அம்மா தலையை நிமிர்த்தி, இதைச் சொன்னீங்களே, இது போதும் என்றார். அதற்கப்புறம் அவர்கள் பரபரவென்று வேலை பார்த்தார்கள். எங்களை வெளியே அனுப்பிவிட்டார்கள்.

மறுநாள் அவர் கண் திறந்தார். கம்பெனிக்கு நேரமாச்சா என்று கேட்டார். நான் சுவரில் சாய்ந்து அழுதேன்.

டாக்டர் அம்மா என்னையும் அத்தையையும் தேவராஜ் அண்ணனையும் உட்காரவைத்துச் சொன்னார். இந்த மருந்து விஷமில்லை. குடியை ஒரேயடியாக நிறுத்தினால் வரும் நடுக்கத்துக்கும் வலிப்புக்கும் அவர்களும் இதைத்தான் போடுவார்கள். ஆனால் ஆஸ்பத்திரியில் வைத்து, அளவு பார்த்து, மெதுமெதுவாக ஏற்றி, மூச்சைப் பார்த்துக்கொண்டு போடுவார்கள். உள்ளே சாராயம் இருக்கும்போது போட்டால் இரண்டும் சேர்ந்து மூச்சையே அமுக்கிவிடும். குறட்டை விடுகிறார், நிம்மதியாகத் தூங்குகிறார் என்று விட்டுவிடக் கூடாது. அந்த மாதிரிக் குறட்டை நாக்கு உள்ளே விழுந்து மூச்சு அடைபடுகிற சத்தம். நாங்கள் அதற்குத்தான் ஸ்தோத்திரம் சொல்லிக்கொண்டிருந்தோம்.

என் வீட்டுக்காரர் அங்கேயே தங்கிச் சிகிச்சை எடுத்தார். வந்த பிறகும் ஒரு தரம் குடித்தார், மறுபடி போனார், மறுபடி வந்தார். இப்போது குடிப்பதில்லை. வெல்டிங் பிடிக்கும் கை முன்போல் நிற்பதில்லை, கம்பெனியில் கேட்டில் காவல் வேலை கொடுத்திருக்கிறார்கள். அத்தை அதற்கப்புறம் சபையில் வாய் திறந்து பாடியதில்லை. சாகும்வரை என் கண்ணை நேராகப் பார்க்கவும் இல்லை. எனக்கு மன்னிக்க ரொம்ப நாள் ஆனது, மன்னித்துவிட்டேன் என்று கடைசியில் சொன்னதாகத்தான் நினைக்கிறேன், அவருக்குக் கேட்டதா தெரியவில்லை. தேவராஜ் அண்ணன் பையைக் கொண்டுவருவதை விட்டுவிட்டார். சபைக்கு வந்தால் கடைசி வரிசையில் உட்காருகிறார். அண்ணா, இன்றைக்கும் அங்கேதான் உட்கார்ந்திருக்கிறீர்கள். அந்தத் தாடையைக் கேட் திறக்கும்வரை பிடித்திருந்தது உங்கள் கைதான். முன்னால் வாருங்கள்.

கஷ்டத்தில் இருக்கிறவர்களே, ஆண்டவரிடம் கேளுங்கள், கொடுப்பார். எனக்குக் கொடுத்தார். டாக்டரிடம் போவதை அவர் தப்பாக எடுத்துக்கொள்ளமாட்டார். வீட்டில் நடந்ததை உள்ளபடி சொல்லுங்கள், யார் கை தட்டியிருந்தாலும் சரி. விழுந்துவிட்டேன் என்று சொல்ல வருகிறவனுக்கும் இந்தச் சபையில் ஒரு இடம் வையுங்கள்.

நான் ஜெபத்தில் கண்ணைத் திறந்தே வைத்திருக்கிறேன் என்று சில பேர் முணுமுணுப்பது எனக்குத் தெரியும். இப்போது பாஸ்டர் ஜெபிக்கப் போகிறார். நீங்கள் மூடிக்கொள்ளுங்கள். என் வீட்டுக்காரர் அதோ, ஜன்னல் ஓரமாக உட்கார்ந்திருக்கிறார். அவர் மார்பு ஏறி இறங்குவதைப் பார்த்த பிறகுதான் நான் ஆமென் சொல்வேன்.