குழி வெட்டியவர்களின் பெயர்கள்

வெர்னெல் கேட்ஸ்டன் அமெரிக்காவில் எங்கள் ஊர் ராணுவ முகாமின் அருங்காட்சியகத்தில் தலை நரைக்கும்வரை வேலை பார்த்தவள். கோபக்காரி. நானும் அப்படித்தான், அதனால் எங்களுக்குள் ஒத்துப்போகும்.

இரண்டாம் உலகப் போரில் செத்த அமெரிக்கச் சிப்பாய்களுக்கு ஹாலந்து மண்ணில் குழி வெட்டியது எங்கள் கறுப்பினப் படைப்பிரிவு. என் அப்பாவும் அதில் இருந்தார். வெள்ளைக்காரனோடு ஒரே மேஜையில் சாப்பிட விடாதவர்கள், அவன் பிணத்தைத் தூக்க மட்டும் விட்டார்கள். அந்த வரலாற்றைத் தேடிப் பிடித்து முகாமின் இணையதளத்தில் ஏற்றியவள் வெர்னெல்.

போன வசந்தத்தில் அரசாங்கத்திடமிருந்து உத்தரவு வந்தது. இனம் பற்றிப் பேசும் பக்கங்களை எல்லாம் அழிக்க வேண்டுமாம். அருங்காட்சியக இயக்குநர் ஹட்டோ, அவளில் பாதி வயதுக்காரர், கையைப் பிசைந்தார்.

“மேலேருந்து சொல்லிட்டாங்க, வெர்னெல் அம்மா. என் கையில என்ன இருக்கு?”

“அழிக்கிற பட்டன் உங்க கையிலதான தம்பி இருக்கு?”

அழித்தார். மூலக் கோப்புகளையும் லாரியில் ஏற்றி அனுப்பிவிட்டார். வெர்னெல் வேலையை உதறிவிட்டு நேராக எங்கள் சர்ச்சுக்கு வந்தாள்.

எங்கள் ஜனங்கள் எதைத் தூக்கிப் போட்டாலும் சாவுக்கு அச்சடித்த நினைவு மலரைப் போட மாட்டார்கள். பிறப்பு, கல்யாணம், பட்டாளத்தில் இருந்த கதை, எல்லாம் படத்தோடு அதில் இருக்கும். அடக்கத்தன்று வந்தவர் எல்லோர் கையிலும் ஒன்று கொடுப்போம். அது பைபிளுக்குள்ளேயே கிடக்கும். இது அந்த மேலிடத்துப் புத்திசாலிகளுக்கு எப்படித் தெரியும்?

“வீட்ல இருக்கிறத எல்லாம் கொண்டாங்க. குழம்புக் கறை பட்டிருந்தாலும் பரவால்ல” என்றாள் வெர்னெல். ஷூ பெட்டிகளில் நினைவு மலர்கள் வந்து குவிந்தன. அதிலிருந்து வெர்னெல் பெயர்ப் பட்டியல் எழுத எழுத, ஆள் ஆளாகப் படைப்பிரிவு திரும்பி வந்தது.

இலையுதிர் காலத்தில் ஹட்டோ வெர்னெலுக்குப் போன் செய்தார். அந்தக் கல்லறைகளுக்குப் பூ வைக்கும் ஹாலந்துக் குடும்பத்தார் முகாமைப் பார்க்க வருகிறார்களாம். குழி வெட்டியவர்கள் யார் என்று கேட்கிறார்களாம்.

“உங்க பெயர்ப் பட்டியல் ஒரு பிரதி கிடைக்குமா அம்மா?”

“கிடைக்காது. ஞாயித்துக்கிழமை அவங்கள சர்ச்சுக்குக் கூட்டிட்டு வாங்க. பேர நீங்கதான் படிக்கணும், எங்க முன்னாடி நின்னு.”

வந்தார். மென்று விழுங்கிப் படித்தார்.

“சத்தமா, தம்பி.”

என் அப்பா பெயர் வந்தது. எஸா மனிகோ. பக்கத்திலிருந்த ஹாலந்துப் பெண் என் கையைப் பிடித்து அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. அந்தப் பெயரைச் சொல்ல ஹட்டோவுக்கு ஒரு மூச்சுகூட ஆகவில்லை. அதைச் சொல்லாமல் இருக்கத்தான் ஒரு அரசாங்கமே அவ்வளவு பாடுபட்டது.